ஒளிர்வதெல்லாம் நோயன்று

மனித உடல் ஒருபோதும் ஓய்ந்திருப்பதில்லை. நாம் உறங்கும்போதும் மூளை உழைக்கிறது, இதயம் துடிக்கிறது. இவ்வுழைப்பையே படமாக்கிக் காட்டுவது பெட் ஸ்கேன். கதிரியக்கம் ஏற்றிய, சர்க்கரையை ஒத்த ஒரு மருந்தை நரம்பில் செலுத்துவர். சர்க்கரையை மிகுதியாக உண்ணும் இடம் மிகுதியாக ஒளிரும். புற்றணுக்கள் சர்க்கரையைப் பெரிதும் விழுங்குவதை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தார். இந்தியாவில் இச்சோதனை 2002-இல் மும்பைக் கதிரியக்க மருத்துவ மையத்தில் தொடங்கியது.

கடமலைக்குண்டில் வேளாண்மை செய்யும் நம் பெரியப்பாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் இருமலும் இளைப்பும் கண்டன. ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியே மதுரைக்கு அழைத்துச் சென்றோம். படத்தைக் கண்டதும் நடுங்கினோம். தலை, நெஞ்சு, அடிவயிறு எங்கும் ஒளி!

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். மூளைக்குச் சர்க்கரையே முதன்மை உணவு. ஆகவே அது எப்போதும் ஒளிரும். இதயம் சிலருக்கு ஒளிரும், சிலருக்கு ஒளிராது. மருந்து சிறுநீரில் வெளியேறுவதால் சிறுநீர்ப்பை ஒளிர்கிறது. முன்னாளில் மண்வெட்டி பிடித்தவரின் தோள்தசையும் ஒளிரக்கூடும். குளிரில் நடுங்கியவருக்குக் கழுத்தின் இருபுறமும் பழுப்புக் கொழுப்பு ஒளிரும். கடும் வேலை வேண்டாம், ஆறு மணி நேரம் உண்ண வேண்டாம், ஊசிக்குப்பின் அசையாது படுத்திருங்கள் என்று அவர்கள் கூறுவது இதனால்தான்.

ஆயினும் நெஞ்சின் நடுவே, நிணநீர்க் கணுக்களில் தெரிந்த ஒளியை அவர் அவ்வாறு விலக்கிவிடவில்லை. "இது புற்றாகவும் இருக்கலாம், காசமாகவும் இருக்கலாம், படம் பிரித்துச் சொல்லாது" என்றார். கிருமியோடு போரிடும் அணுக்களும் சர்க்கரையை உண்பவையே. காசநோய் மலிந்த நம் நாட்டில் இக்குழப்பம் அரிதன்று. சதைத்துணுக்கு எடுத்துச் சோதித்தனர். முடிவு வரும்வரை வீட்டில் எவரும் உரக்கப் பேசவில்லை.

வந்த முடிவு காசம். ஆறு மாதம் மாத்திரை உண்டு அவர் நலமடைந்தார்.

இதன் மறுபக்கமும் உண்டு. மெல்ல வளரும் சில புற்றுகள் ஒளிர்வதே இல்லை. எனவே ஒளி கண்டு கலங்குவதும், ஒளியின்மை கண்டு மகிழ்வதும் ஒருசேரத் தவறாகலாம். அண்மையில் பட்ட காயம், போட்ட தடுப்பூசி, செய்த அறுவை, சர்க்கரை நோய், செய்யும் தொழில் அனைத்தையும் மறையாது மருத்துவரிடம் சொல்வோம். பழைய படங்களையும் கொண்டு செல்வோம். உடல் உழைக்கும் இடம் எது, நோயுறும் இடம் எது என்று பகுத்தறிய, படத்தை மட்டுமன்றி மனிதரையும் அறிந்தாக வேண்டும்.