36ஆம் பல்

மனிதருக்கு 32 பற்கள்தான். ஆனால் மாத்தளை நகரில் நான் போயிருந்த பல் லெப்பில் ஓயாமல் காதில் விழுந்த எண் 36. வாயை நான்காகப் பிரித்து, கீழ்த்தாடையின் இடப்பக்கத்துக்கு 3 என்று எண் கொடுத்து, நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவதாக வரும் கடைவாய்ப்பல் அது; வலப்பக்கத்தில் அதன் சோடி 46. ஆறு வயதளவில், எந்தப் பால்பல்லும் விழாமலே, பின்னால் தானாக முளைத்துவிடும். அதையும் பால்பல் என்று நினைத்துப் பெற்றோர் கவனியாமல் விடுவதால், நிரந்தரப் பற்களில் முதலில் சூத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். பிறகு அடைப்பது, அடைத்தது விழுவது, இன்னும் பெரிதாக அடைப்பது, வேர்ச்சிகிச்சை, கடைசியில் பல்லை மூடும் ஒரு கேப். "36ம் 46ம் இல்லாட்டி நாங்க கடைய மூட வேண்டியதுதான்" என்றார் லெப் உரிமையாளர். உக்குவளைக்காரர். ஊருக்கெல்லாம் நானா, எனக்கும் அப்படியே ஆனார்.

கேப் போடப் போகிறவர்கள் எல்லோரும் வைத்தியரிடம் கேட்கும் கேள்வியோடுதான் நானும் போனேன். எத்தனை வருசம் தாங்கும்?

"அத என்கிட்டக் கேட்டுப் பிரயோசனம் இல்ல தம்பி. தாங்கினது திரும்பி வராது. தாங்காதது மட்டும்தான் வரும்."

வந்தவற்றை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். மேசையில் கொட்டினார். வெள்ளைப் பூச்சு பெயர்ந்து சாம்பல் நிற உலோகம் தெரியும் கேப்கள் சில. நடுவே விரிசல் ஓடியவை சில. மற்றவை, அதாவது பாதிக்கு மேல், ஒரு கீறலும் இல்லாமல் முழுசாக இருந்தன. இவை ஏன் திரும்பி வந்தன என்று கேட்டேன். ஒன்றை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். உள்ளே பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. "கேப்புக்கு ஒண்ணுமில்ல. உள்ள இருந்த பல்லுதான் உக்கிப் போச்சு."

இந்த விடயத்தில் பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கேப்பின் ஆயுளைப் பற்றிப் பேசும்போது நாம் பொருளின் வலிமையைப் பேசுகிறோம். உலோகமா, போர்சலினா, சிர்கோனியாவா? விளம்பரங்களும் அதையே பேசுகின்றன. ஆனால் கேப் பல்லோடு சேரும் அந்த வட்ட விளிம்பில், முரசுக்குப் பக்கத்தில், ஒரு இடைவெளி எப்போதும் இருக்கிறது. சீமெந்து வைத்து ஒட்டினாலும் இருக்கிறது. மக்லீன், வொன் ஃபிரோன்ஹோபர் என்ற இருவர் 1971இல், ஆயிரத்துக்கு மேற்பட்ட கேப்களைப் பார்த்துவிட்டு, அந்த இடைவெளி 120 மைக்ரோனுக்குள் இருந்தால் ஏற்கலாம் என்றார்கள். தலைமயிரின் தடிப்பை விடச் சற்றே அதிகம். கிருமிக்கு அது அகலமான வாசல். நானாவின் கண்ணில் உருப்பெருக்கி மாட்டியிருப்பது அழகுக்காக அல்ல, அந்த விளிம்புக்காக.

வேலை தொடங்குவது வைத்தியரிடமிருந்து வரும் அச்சில். அதில் கல்மாவு ஊற்றி மொடல் எடுத்து, மெழுகில் தொப்பி வடித்து, மெழுகை எரித்துவிட்டு அந்த வெற்றிடத்தில் நிக்கல்-குரோம் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். வெண்கலச் சிலை வார்க்கும் அதே முறைதான். உலோகத்தின் சாம்பல் நிறத்தை மறைக்க ஒரு பூச்சு. அதன் மேல் போர்சலின் தூளை நீரில் குழைத்துத் தூரிகையால் பல்லாகக் கட்டுகிறார்கள். ஈரத்தைத் திசுத்தாளால் ஒற்றி எடுத்து, உலையின் வாயில் சற்று நேரம் காயவிட்டு உள்ளே அனுப்புகிறார்கள். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கிய சிறு உலை, 900 பாகைக்கு மேல் வெப்பம். வெந்து வரும்போது தூள் கணிசமாகச் சுருங்கிவிடும். அதனால் பச்சையாகக் கட்டும்போதே பெருத்த பல்லாகக் கட்ட வேண்டும். எவ்வளவு பெருக்க வேண்டும் என்பது கைப்பழக்கம். நானா அளவுகோல் எதையும் எடுக்கவில்லை.

அந்தத் தூளில் பெரும்பங்கு பெல்ஸ்பார். மாத்தளைக்கு அந்நியமான பொருள் அல்ல. இந்த மாவட்டத்தின் ஓவலவில் பெல்ஸ்பார் தோண்டப்படுகிறது. இலங்கையின் தட்டு, ஓடு, கோப்பைத் தொழிலுக்குப் போகிறது. வரக்காமுறையில் நொரிடாக்கே போர்சலின் தொழிற்சாலை 1970களிலிருந்து நடக்கிறது. பல் போர்சலினும் அதே பெயரில் உண்டு, ஆனால் அது குராரே நொரிடாக்கே டென்டல் என்ற நிறுவனத்தின் சிறு போத்தல்களில் ஜப்பானிலிருந்து வருகிறது. கல்லை ஊரில் தோண்டி, தூளைக் கிராம் கணக்கில் வெளியூரிலிருந்து வாங்குகிறோம் என்று புலம்பலாம். நானா புலம்பவில்லை. பல்லுக்கு வேண்டிய தூய்மை வேறு, தட்டுக்கு வேண்டியது வேறு என்றார்.

வெறும் பெல்ஸ்பார் போர்சலின் பலவீனமானது. இன்றைய சிர்கோனியா அதைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு வலிது. அப்படியானால் பத்து மடங்கு காலம் தாங்க வேண்டும் அல்லவா? 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு வேறு கணக்குச் சொல்கிறது. ஐந்து ஆண்டு முடிவில் உலோகத்தின் மேல் போர்சலின் போட்ட கேப்களில் 94.7 வீதம் வாயில் நின்றன. லூசைட் அல்லது லித்தியம் டைசிலிக்கேட் வகைக் கண்ணாடிச் செராமிக்கில் 96.6. சிர்கோனியாவில் 92.1. உள்ளிருக்கும் சிர்கோனியா உடைந்தது அரிது. அதன் மேல் பூசிய போர்சலின் சில்லுச் சில்லாகப் பெயர்ந்தது, சில கழன்று விழுந்தன. சிர்கோனியா வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதால், உலையிலிருந்து அவசரமாக எடுத்து ஆறவிட்டால் பூச்சுக்குள் இறுக்கம் தங்கிவிடுகிறது என்று பிறகு கண்டுபிடித்தார்கள். இப்போது பூச்சே இல்லாத முழுச் சிர்கோனியா வந்துவிட்டது. நானாவும் மொடலை ஸ்கேன் செய்து கண்டிக்கு அனுப்பி அரைத்து எடுக்கிறார்.

எதிர்க்கணக்கும் உண்டு. சுவிற்சர்லாந்தில் ஒரு சிகிச்சையகத்தில், 1989-91 காலத்தில் ஆரம்பகாலக் கணினி இயந்திரத்தில் குடைந்த பெல்ஸ்பார் செராமிக் அடைப்புகள் 200ஐப் பற்களில் ஒட்டினார்கள். அவற்றில் 187ஐ 17 ஆண்டு வரை தொடர்ந்து பார்த்தார்கள். 88.7 வீதம் நின்றிருந்தன. பலவீனமான பொருள்தான், ஆனால் அமிலத்தால் அரித்து, பிசினால் பல்லோடு ஒன்றாக ஒட்டப்பட்டிருந்தது. அதோடு அந்த நோயாளிகள் 17 ஆண்டும் சோதனைக்குத் திரும்பி வந்தார்கள். றத்தோட்டைத் தோட்டத்திலிருந்து எவர் வலியில்லாமல் பல் வைத்தியரிடம் வரப் போகிறார்? அந்த வீதங்களை இங்கே அப்படியே இறக்குவது சரியில்லை.

மூலையில் நிறம் தீட்டும் பெண் இருந்தார். எல்கடுவைப் பக்கத்தவர். முன்பல் வேலை அவருடையது. வைத்தியரின் துண்டில் 'ஏ2', 'ஏ3' என்று நிற எண் வரும். அந்த அட்டவணை ஜெர்மனியில் செய்தது. வில்கமுவைப் பக்கத்து வாய்களுக்கு அதில் நிறமே இல்லை. மாவட்டத்தின் தெற்கு ஈரம் கூடியது, வடக்கும் கிழக்கும் வரள்வலயம். அங்கே கிணற்று நீரில் புளோரைட் அதிகம். சிறுவயதில் அதைக் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் வெண்திட்டும் பழுப்புக் கோடும் படிந்திருக்கும். அப்படி ஒருவருக்கு ஒற்றை முன்பல் செய்யும்போது, பக்கத்துப் பற்களின் கறையை இதிலும் தீட்ட வேண்டும். "வெள்ளையா செஞ்சு தாங்கன்னு கேப்பாங்க சேர். குடுத்தா அந்த ஒரு பல்லுதான் எல்லாருக்கும் தெரியும். திரும்பி வந்துரும்." அவர் தீட்டிய பழுப்புக் கோட்டை நிஜப்பல்லின் கோட்டிலிருந்து என்னால் பிரித்தறிய முடியவில்லை. உடையாமலே தோற்றுப் போகும் கேப்பும் உண்டு என்பது எனக்குப் புதிது.

துண்டில் எழுதப்படாத இன்னொன்று வெற்றிலை. காய்ந்த கொட்டைப்பாக்கை நாள்முழுக்கக் கடிக்கும் வாய்க்குப் போர்சலின் பொருத்தமில்லை. பின்பல் என்றால் முழு உலோகக் கேப்தான் நல்லது என்பது நானாவின் கட்சி, என்னுடையதும் அதுவே. உலோகத்தில் பெயர்வதற்குப் பூச்சு இல்லை. மெல்லியதாக வார்க்கலாம் என்பதால் பல்லையும் குறைவாகவே அரைத்தால் போதும். ஆனால் பழைய தங்கப்பல்லுக்கு இருந்த மதிப்பு இன்று இல்லை. எல்லோருக்கும் வெள்ளை வேண்டும்.

எந்தக் கேப்பானாலும் செய்பவருக்கு ஓர் ஆபத்து உண்டு: உலோகத்தையும் போர்சலினையும் அரைக்கும்போது எழும் தூசி நுரையீரலில் தங்கும். பல் தொழில்நுட்பவியலாளருக்கு வரும் தூசி நோய் மருத்துவ நூல்களில் பதிவானது. இங்கே உறிஞ்சி இயந்திரம் இருந்தது, முகக்கவசம் பாதி நேரம் கழுத்தில் இருந்தது.

நான் கிளம்பும் வேளையில் புதிதாக வந்த அச்சொன்றை நானா வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். 36. உட்பக்க விளிம்பு இரத்தமோ எச்சிலோ பட்டு மழுங்கியிருந்தது. ஊகித்து ஒரு விளிம்பைச் செதுக்கிக் கொடுத்தால் எவருக்கும் தெரியாது, ஐந்தாறு வருசத்தில் டின்னுக்கு வரும். கைபேசியை எடுத்தார். "டொக்டர், உட்பக்கம் விழல்ல. இன்னொருக்கா எடுக்கணும்." மறுமுனையில் சற்று நேரம் பேச்சு. பிறகு என்னிடம் சொன்னார்: நோயாளி தோட்டத்துப் பொம்பள, பத்தாம் திகதி சம்பளம் வந்த பிறகுதான் டவுனுக்கு வருவாவாம், அதுவரைக்கும் தற்காலிக அக்ரிலிக் கேப்போட சமாளிக்க வேண்டியதுதான். அச்சைப் பொதிந்து, துண்டில் 'மீண்டும்' என்று எழுதி, அடுத்த அச்சைக் கையில் எடுத்தார்.