ரெண்டும் மாறினா ஒண்ணும் மாறாது

பக்கத்து வீட்டு ஆசாரி மரம் கடைவதற்காகப் பழைய அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்றை வாங்கிப் பூட்டியிருந்தார். சுவிட்சைப் போட்டதும் கட்டை எதிர்ப்பக்கமாகச் சுற்றியது, உளி எகிறியது. நான் பிளக்கைக் கழற்றி இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் பூட்டிக் கொடுத்தேன். அப்போதும் அதே பக்கம்தான். மோட்டாரைச் சாக்கில் சுற்றி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு இருவரும் கோயம்புத்தூர் ஆவாரம்பாளையத்துக்குப் போனோம்.

பைகாரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்த சில ஆண்டுகளில், 1937-இல், ஜி. டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மோட்டார் செய்த ஊர் கோயம்புத்தூர். இன்றும் பல தெருக்களில் நடக்கும்போதே வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறும். நாங்கள் நுழைந்தது பத்துக்குப் பத்து அளவில் ஒரு காயில் கட்டும் கடை.

வாசலோரம் ஓர் அக்கா, மோட்டாரின் சுற்றாத பாகமான ஸ்டேட்டரை மடியில் சாய்த்திருந்தார். குழிக்குள் தாள் விரித்து, செம்புக் கம்பிகளை விரலாலேயே நீவி இறக்கி, மேலே மூங்கில் சீவலைச் செருகினார். "ஒரு கம்பி உரசி மேல்பூச்சு போனாலும் போச்சுங்க. நாளைக்கு அங்கதான் புகையும்" என்றார். தடித்த கம்பி ரன்னிங் காயில், மெல்லியது ஸ்டார்ட்டிங் காயில் என்று காட்டியதும் அவர்தான்.

மேஸ்திரி முதலில் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் டெஸ்ட் பல்பைத் தொட்டு, மிச்ச மின்சாரத்தை இறக்கினார். நான் பிளக்கை மாற்றிய கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"பிளக்குல மாத்துனா ரெண்டு காயிலும் சேர்ந்தே மாறுமுங்க. ரெண்டும் மாறினா ஒண்ணும் மாறாது."

சிங்கிள் பேஸில் ரன்னிங் காயிலுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தால், சுற்ற வேண்டிய ரோட்டர் உறுமிக்கொண்டு நிற்கும். எந்தப் பக்கம் கிளம்புவது என்று அதற்குத் தெரியாது. கெபாசிட்டர் வழியாகச் சற்று முந்தி வரும் மின்சாரத்தால் ஸ்டார்ட்டிங் காயில்தான் பக்கம் காட்டுகிறது. ஆகவே அந்த ஒரு காயிலின் முனைகளை மட்டும் மாற்ற வேண்டும். எங்கள் மோட்டாரில் வெளியே மூன்று ஒயர்தான் இருந்தது. நான்காவது உள்ளேயே முடிச்சாகியிருந்தது. கட்டுநூலை அறுத்து, முடிச்சைப் பிரித்து, முனைகளை மாற்றிப் பற்றவைத்து, ஸ்லீவ் மாட்டித் திரும்பக் கட்டினார். மோட்டார் திரும்பிச் சுற்றியது.

"ஒரு சுவிட்ச் வச்சு ரெண்டு பக்கமும் ஓட்டலாமா தம்பி?" என்றார் ஆசாரி.

"வைக்கலாங்கண்ணா. ஆனா நின்னு அடங்கின பிறகுதான் தட்டணும். ஓடுறப்போ இதுல ஸ்டார்ட்டிங் காயில் கழண்டு நிக்கும். தட்டினாலும் பழைய பக்கமேதான் ஓடும்."

நாங்கள் கிளம்பப் பார்த்தோம். "இருங்க, பாதி வேலைதான் ஆச்சு" என்று பின்மூடியைக் கழற்றினார். உள்ளே விசிறியின் இதழ்கள் ஒரு பக்கமாக வளைந்திருந்தன. பழைய பக்கத்துக்கென்று செய்த விசிறி. திருப்பி ஓட்டினால் காற்றைக் கலக்குமே தவிர அவ்வளவாகத் தள்ளாது. மூடியை மாட்டி ஓட்டி, மோட்டார் உடம்பின் வரிகள்மீது ஒரு காகிதத் துண்டைப் பிடித்தார். அது லேசாக நடுங்கியது. நேரான இதழ் விசிறியை மாட்டியதும் அதே காகிதம் படபடத்தது.

வரிகளுக்குள் இறுகியிருந்த மரத்தூளையும் சுரண்டினார். "சித்திரை வெயில்ல கம்பளி போர்த்துன மாதிரிங்க. பத்து டிகிரி கூடினா காயிலோட ஆயுசு பாதி." இன்ஜினியர்களும் கையாளும் கணக்குத்தான் அது.

திருப்பியது நான்கு முனைகளில் இரண்டை. அது பாடம் படித்தால் வரும். விசிறியைப் பார்க்கத் தோன்றியது, எரிந்த காயில்களை ஆண்டுக்கணக்கில் உரித்தெடுத்த கைகளுக்கு.

உங்கள் வீட்டு மோட்டாரையும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். பின்மூடித் துவாரங்கள் அடைத்திருந்தால் பழைய பிரஷ் ஒன்று போதும்; காயில் கட்டும் கூலி மிச்சம்.