தலைக்கு இவ்வளவு

போன வாரம் அறந்தாங்கியில் நாங்கள் நாலைந்து பேர் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். டி.வி.யில் வந்த பொருளாதாரச் செய்தியில் ஆரம்பித்தது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "வெள்ளைக்காரன் மெஷின் கண்டுபிடிச்சான், முன்னேறினான். நாம இப்பத்தான் முழிச்சிருக்கோம்" என்றார். கூட்டுறவுத் துறையிலிருந்து ஓய்வுபெற்ற நண்பர் விடவில்லை. "மெஷினாவது ஒண்ணாவது! எல்லாம் அடிமை வியாபாரத்துல சேர்த்த காசு சார்" என்றார். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க சொல்லுங்க சார், நீங்கதான் பிரெஞ்சுல படிச்சவரு."

"ரெண்டு பேர் சொல்றதிலும் நியாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தப்பித்து வந்தேன். முப்பத்தைந்து வருஷ குமாஸ்தா வேலை கற்றுக்கொடுத்த சாமர்த்தியம் அது. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. என் டிரங்குப் பெட்டியில் இருக்கும் ஒரு பழைய நோட்டுதான் காரணம். அதைப் பற்றி இதுவரை இங்கே எழுதியதில்லை. எழுதிவிடுகிறேன்.

இதைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நான் காரைக்காலில் பிறந்தவன் என்பது தெரியும். அறந்தாங்கி என் மனைவியின் ஊர். 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு மூன்று வயது. அதற்குப் பிறகும் பிரெஞ்சு மீடியம் வகுப்புகள் நடந்தன. எங்கள் வீட்டில் என்னை அதில்தான் சேர்த்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று மனப்பாடம் செய்தோம். 1848 ஏப்ரல் 27 அன்று, விக்டர் ஷோல்ஷேர் என்பவரின் முயற்சியால், பிரான்ஸ் தன் காலனிகளில் அடிமை முறையை ஒழித்தது என்று படித்துப் பரீட்சை எழுதி நல்ல மார்க்கும் வாங்கினேன். அந்த அடிமைகளில் நம் கடற்கரையிலிருந்து போனவர்களும் உண்டு என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

அதை நான் தெரிந்துகொண்டது மிகவும் பிற்பாடு, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தபோது. புதுச்சேரியில் துய்ப்ளேக்சுக்கு துபாஷியாக இருந்தவர் அவர். வேலை தருவதாக ஆசை காட்டி ஆட்களைப் பிடித்து, அடைத்து வைத்து, அடிமைகளாகக் கப்பலேற்றியவர்களைப் பற்றி 1743ஆம் ஆண்டுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். கப்பல்கள் போனது இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரெஞ்சுத் தீவுகளுக்கு. இன்று ரீயூனியன், மொரீசியஸ் என்கிறோமே, அவைதான். அந்தத் தீவுகளின் அடிமைகளில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் கொண்டு போகப்பட்டவர்கள். கூடவே நம்மவர்களும் இருந்தார்கள்.

பிரெஞ்சுக்காரர்களை மட்டும் சொல்லிப் பயனில்லை. 1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை பீஜப்பூர்ப் படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நொறுங்கிக் கிடந்தபோது, டச்சுக் கம்பெனி நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய இடங்களில் 8,000 முதல் 10,000 பேர் வரை விலைக்கு வாங்கியது. பெரும்பகுதியினர் இலங்கைக்கு அனுப்பப்பட்டார்கள். அதற்கும் முன்னால், 1201ஆம் ஆண்டிலேயே, பஞ்சம் தாங்காமல் ஒருவர் தன்னையும் தன் இரண்டு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டதைத் திருப்பாம்புரம் கல்வெட்டு சொல்கிறது. வாங்குகிறவன் எப்போதும் இருந்திருக்கிறான். கப்பலும் கம்பெனியும் வந்த பிறகு அது பெரிய வியாபாரம் ஆயிற்று.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்கியது மதலேன் என்ற பெண்ணின் கதை. வங்காளத்தில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருந்த சந்திரநாகூரில் பிறந்தவள். சிறுமியாக விற்கப்பட்டு, பிரான்ஸ் போய், அங்கிருந்து ரீயூனியன் தீவுக்குப் போனாள். 1789இல் அவளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டது. ஆனால் எஜமானி அதை அவளிடம் சொல்லவே இல்லை. எஜமானி இறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் கிட்டத்தட்ட இருபது வருஷம் ஓடிவிட்டது. அவள் மகன் பூர்சி 1817இல் தானும் சுதந்திர மனிதன்தான் என்று வழக்குப் போட்டான். சிறையில் அடைத்தார்கள், மொரீசியஸுக்கு நாடு கடத்தினார்கள். 1843இல்தான் பாரிஸ் நீதிமன்றம் அவன் பிறப்பாலேயே சுதந்திரமானவன் என்று தீர்ப்பளித்தது. இருபத்தாறு வருஷம்! இவ்வளவுக்கும் மூலகாரணம் மறைத்து வைக்கப்பட்ட ஒரு காகிதம். காகிதங்களோடு வாழ்ந்த எனக்கு அது சாதாரண விஷயமாகப் படவில்லை.

1848 டிசம்பர் 20 அன்று ரீயூனியனில் 60,000க்கும் மேற்பட்டவர்கள் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்டம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு ஆள் வேண்டுமே? புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். 1860இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, பிரிட்டிஷ் இந்திய ஜில்லாக்களிலிருந்தும் ஆள் எடுக்க வழி பிறந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம், திரும்பி வரக் கப்பல் செலவு இலவசம். காகிதத்தில் அது அடிமைத்தனம் இல்லைதான். ஆனால் போன இடத்தில் பட்ட கொடுமைகள் அதிகமாகி, 1882இல் பிரிட்டிஷ் அரசாங்கமே ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

இனி நோட்டுக்கு வருகிறேன். என் கொள்ளுத்தாத்தா அந்தக் காலத்தில் காரைக்காலில் ஆள் சேர்க்கும் மேஸ்திரியாக இருந்தவர். வீட்டில் "கப்பல் ஆபீசில் இருந்தார்" என்று மட்டும் சொல்வார்கள். அவர் கையால் எழுதிய கணக்கு நோட்டு அது. தேதி, ஊர், ஆண் இத்தனை, பெண் இத்தனை, எதிரே ரூபாய் அணா. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். ஊர்களில் மணமேல்குடி இருக்கிறது, ஆவுடையார்கோயில் இருக்கிறது. இன்று இவை புதுக்கோட்டை மாவட்டம், அன்று இந்தப் பக்கமெல்லாம் தஞ்சாவூர் ஜில்லா. நோட்டு முழுக்கத் தேடினாலும் ஒரு ஆளின் பெயர்கூட இல்லை.

அந்தப் பணத்தில்தான் முற்றம் வைத்த எங்கள் வீடு எழும்பியது. வீட்டையும் நிலத்தையும் வைத்துத்தான் தாத்தா படித்தார், அப்பா படித்தார், நான் பிரெஞ்சு மீடியத்தில் சேர்ந்தேன். பிரெஞ்சு தெரிந்ததால்தான் எனக்கு வேலை கிடைத்தது. மாதம் பிறந்தால் வரும் பென்ஷன் வரைக்கும் அந்த நோட்டின் வரவுப் பத்தியிலிருந்து ஒரு கோடு வருகிறது.

1990களின் நடுவில் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்கு ரீயூனியனிலிருந்து ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். அசல் நம் ஊர் முகம், ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. பாட்டனாரின் ஒப்பந்தக் காகித நகல் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். ஏறிய துறைமுகம் காரைக்கால், ஜில்லா தஞ்சாவூர் என்பது தெளிவாக இருந்தது. ஊர்ப் பெயரைத்தான் பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்தபடி எழுதிச் சிதைத்திருந்தான். "எந்த ஊர் என்று மட்டும் தெரிந்தால் போதும், போய் அந்த மண்ணை ஒருமுறை மிதித்துவிட்டு வருவேன்" என்றார். எங்களிடம் அந்தக் காலத்துப் பதிவேடு இல்லை என்று சொன்னேன். அது உண்மைதான்.

பிரெஞ்சு பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவரைச் சாப்பிட வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் மனைவி இலை போட்டுப் பரிமாறினாள். அவர் முற்றத்தையும் தூண்களையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எவ்வளவு அழகான வீடு! யார் கட்டியது?" என்றார். கொள்ளுத்தாத்தா என்றேன். "அவர் என்ன தொழில் செய்தார்?"

"வியாபாரம்" என்றேன்.

நோட்டு அப்போது அவர் தலைக்கு மேலே பரணில் இருந்தது. அவர் பாட்டனார் அந்தக் கணக்கில் இருந்தாரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நோட்டில் இருக்கும் தமிழ் ஊர்ப் பெயர்களையும் அவர் காகிதத்தில் இருந்த பெயரையும் பக்கத்தில் வைத்துப் படித்திருந்தால், எந்த ஊர் என்று ஒருவேளை தெரிந்திருக்கும். வெட்கத்தால் வாயை மூடிக்கொண்டேன். மதலேனின் எஜமானியைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

டீக்கடைக் கேள்விக்கு வருகிறேன். பின்னாளில் டிரினிடாடின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் 1944இல் எழுதிய புத்தகத்தில், அடிமை வியாபார லாபம் இங்கிலாந்தின் தொழிற்புரட்சிக்கு முதலாக உதவியது என்றார். அந்த லாபம் நாட்டின் மொத்த முதலீட்டில் சிறு பங்குதான் என்று மறுத்தவர்கள் உண்டு. வியாபார லாபத்தை மட்டும் பார்த்தால் போதுமா, சர்க்கரை, பருத்தி, கப்பல், இன்சூரன்ஸ், பேங்க் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டாமா என்று பதிலுக்குக் கேட்பவர்களும் உண்டு. வாதம் இன்னும் முடியவில்லை. 2025இல் பொருளாதார நோபல் பரிசு பெற்ற மூவரில் பிலிப் அகியோன் பிரெஞ்சுக்காரர். புதுக் கண்டுபிடிப்புகள் எப்படி வளர்ச்சியைத் தருகின்றன என்பதுதான் அந்தப் பரிசுக்குரிய ஆராய்ச்சி. அதையும் தள்ள முடியாது. அடிமைத்தனம் ஆயிரக்கணக்கான வருஷம் இருந்தும் உலகம் பணக்கார உலகம் ஆகவில்லையே! அறிவும் இயந்திரமும் வந்த பிறகுதானே ஆனது? கண் புரை ஆபரேஷன் செய்துகொண்டு இதை எழுதுகிற நான், வளர்ச்சி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் எந்தக் கணக்குக்கும் இரண்டு பத்திகள் உண்டு. எந்தப் பகுதியிலிருந்து அதிகம் பேர் அடிமைகளாகக் கொண்டு போகப்பட்டார்களோ, ஆப்பிரிக்காவில் அந்தப் பகுதிகளே இன்று அதிக ஏழ்மையில் இருக்கின்றன என்று நாதன் நன் என்ற அறிஞர் 2008இல் காட்டினார். 1833 சட்டத்தின்படி பிரிட்டன் கொடுத்த 2 கோடி பவுண்டு நஷ்டஈடு எஜமானர்களுக்குப் போனது, அடிமைகளுக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கடன் 2015இல்தான் தீர்ந்தது. பிரான்ஸும் 1849இல் எஜமானர்களுக்குத்தான் கொடுத்தது. அதைவிடக் கொடுமை, அடிமைகளே போராடி 1804இல் சுதந்திரம் பெற்ற ஹைட்டியிடம் 1825இல் 15 கோடி பிராங்க் கேட்டது. பிறகு அதை 9 கோடியாகக் குறைத்து வசூலித்தது. விடுதலை பெற்றவனே விலையும் கொடுத்தான்!

நம் மாவட்டத்திலேயே பாருங்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கல்குவாரிகளில் கடனுக்காகக் கட்டுண்டு கல் உடைத்தவர்கள் அதற்குப் பிறகும் இருந்தார்கள். 1990களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கம் நடந்த காலத்தில், பெண்கள் குழுக்களுக்கே குவாரிகளைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கல்லும் அதே கல், சம்மட்டியும் அதே சம்மட்டி. காசு போய்ச் சேர்ந்த கைதான் வேறு. வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று டி.வி.யில் சொல்லும்போது, எந்தக் கைக்குப் போனது என்றும் சேர்த்துக் கேட்க வேண்டும். டீக்கடையில் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அதுதான்.

அந்த ரீயூனியன்காரர் கொடுத்த விலாசச் சீட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. இருந்தால் அவருக்கு இப்போது தொண்ணூறு வயது. நோட்டின் பக்கங்களை நகல் எடுத்து, என் கொள்ளுத்தாத்தா என்ன தொழில் செய்தார் என்பதையும் பிரெஞ்சில் எழுதி, நேற்று ஏர்மெயிலில் போட்டுவிட்டேன். அவர் இல்லாவிட்டால் பிள்ளைகளாவது படிக்கட்டும்.

இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் யாரிடமாவது ரீயூனியன், மொரீசியஸிலிருந்து வந்த பழைய பிரெஞ்சுக் காகிதம் இருந்தால் என்னிடம் கொண்டு வாருங்கள். படித்துச் சொல்கிறேன். நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறேன்.