பெயரும் எண்ணும்

மனிதருக்குப் பெயர்கள் நினைவில் நிற்கும். கணினிகளோ ஒன்றையொன்று எண்களாலேயே அறியும். இவ்விரண்டுக்கும் இடையே நின்று பெயருக்குரிய எண்ணைத் தேடித் தருவது களப்பெயர் முறைமை. இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டில் இப்பணியை ஒரேயொரு கோப்பு செய்துவந்தது. கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபெயின்லர் அம்மையாரின் குழு அதனைப் பேணியது, ஏனையோர் படியெடுத்துக்கொண்டனர். கணினிகள் பெருகப் பெருக அம்முறை ஈடுகொடுக்கவில்லை. 1983ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ், அப்பொறுப்பைப் பல வழங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் முறையை வகுத்தார். ஆயினும் பழைய கோப்பு மறைந்துவிடவில்லை. 'ஹோஸ்ட்ஸ்' என்னும் பெயரில் அதன் வழித்தோன்றல் இன்றும் லினக்ஸ் கணினிகளில் அமைதியாக அமர்ந்திருக்கிறது.

அதன் வலிமையை ஒரு சிற்றூர் நூலகத்தில் கண்டேன். மாணவி ஒருத்தி கல்லூரி விண்ணப்பத்தை அனுப்பக் காத்திருந்தாள். அன்றே இறுதிநாள். பிற தளங்கள் எல்லாம் திறந்தன. கல்லூரித் தளம் மட்டும் திறக்கவில்லை. "தளமே முடங்கிவிட்டது ஐயா" என்றாள். நகரத்து நண்பரைத் தொலைபேசியில் கேட்டேன், அவருக்குத் திறந்தது. ஆகவே, குறை இக்கணினியில்தான்.

'டிக்' கட்டளையால் வெளியிலுள்ள பெயர் வழங்கி ஒன்றை நேரே வினவினேன். ஓர் எண் வந்தது. 'கெட்எண்ட்' கட்டளையால் அதே பெயரைக் கேட்டேன். வேறோர் எண் வந்தது. ஒரு பெயர், இரண்டு விடைகள்! முன்னது வெளியே சென்று கேட்கும். பின்னதோ, உலாவியைப் போலவே கணினி வகுத்த வரிசைப்படி தேடும். அவ்வரிசை 'என்எஸ்ஸ்விட்ச்' என்னும் கோப்பில் உள்ளது. பெரும்பாலும் ஹோஸ்ட்ஸ் கோப்புக்கே அதில் முதலிடம். அங்கே விடை கிடைத்துவிட்டால், வெளியே கேட்கும் தேவை எழாது.

கோப்பைத் திறந்தேன். கல்லூரித் தளத்தின் பழைய எண்ணை யாரோ எழுதிவைத்திருந்தார். தளம் வேறு வழங்கிக்கு இடம்பெயர்ந்த பின்னும் அவ்வரி அப்படியே இருந்தது. பெயர் வழங்கி விடைதராத ஏதோ ஒருநாளில், யாருக்கோ உதவ எழுதியிருப்பார்; அவரைக் குறைகூற மனம் வரவில்லை. நூலகர் கடவுச்சொல்லை இட, அவ்வரியின் முன் '#' குறியிட்டுச் செயலிழக்கச் செய்தேன். அழித்தால், அடுத்து வருபவருக்கு நடந்தது தெரியாமற் போகும்.

உலாவியை மூடித் திறந்ததும் தளம் தோன்றியது. மாணவி ஒன்றும் பேசாமல், விண்ணப்பத்தின் முதற்கட்டத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.