மரத்தடியில் சாப்பாடு!

ஆழ்வார்திருநகரிக்காரர்களிடம் போய் மரத்தடியை மட்டமாகப் பேசிவிட முடியாது. ஆதிநாதர் கோயில் உறங்காப்புளியின் பொந்தில்தான் நம்மாழ்வார் பதினாறு வருஷம் இருந்தார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்தப் புளியமரம் ராத்திரியிலும் இலையை மூடாதாம். எங்க ஊரில் மரத்தடிக்குத்தான் முதல் மரியாதை!

மெட்ராஸில் அப்படியில்லை. அங்கே ஒரு மைதானத்தில், மரத்தடியில் உட்காரச் சொன்னால் அவமானம் என்று அர்த்தம். சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷனில் இறங்கினால் பக்கத்திலேயே தெரிகிறதே கிரிக்கெட் ஸ்டேடியம், அதைத்தான் சொல்கிறேன். (கடற்காற்று இலவசம். மேட்சுக்குத்தான் டிக்கெட்.)

1846-இல் வெள்ளைக்காரர்கள் தங்களுக்கென்று ஆரம்பித்தது மெட்ராஸ் கிரிக்கெட் கிளப். முதலில் தீவுத்திடலில் ஆடினார்கள். 1855-இல் ஆற்காட்டு நவாப் வாரிசில்லாமல் காலமாக, சேப்பாக்கம் அரண்மனை சர்க்கார் கைக்குப் போனது. அடுத்த பத்து வருஷத்தில் அரண்மனையை ஒட்டிய நிலம் கிளப்புக்குக் கிடைத்தது. 1866-இல் பெவிலியனும் எழும்பியது.

ஆனால் யாருக்கு? அங்கே ஆட வந்த இந்தியர்களுக்குப் பெவிலியனில் இடமில்லை. மதியச் சாப்பாடு மரத்தடியில்தான். வெயிலில் நாள் பூரா பந்து பொறுக்கியவனுக்கு நல்ல உபசாரம்!

இதைப் பொறுக்காதவர் புச்சிபாபு நாயுடு. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை, 1888-இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். இந்தியப் பையன்களுக்கு மட்டை, பந்து கொடுத்து ஆடப் பழக்கினார். கடைசியில் 'உங்கள் ஆட்கள் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம்' என்று ஐரோப்பியர்-இந்தியர் போட்டிக்கே நாள் குறித்துவிட்டார். 1908-இல் அந்த மேட்சுக்குச் சில நாள் முன்பு போய்ச் சேர்ந்தார் மனுஷர். மேட்ச் நிற்கவில்லை. பின்னாளில் அது பொங்கல் சமயத்து மேட்சாகி 1952 வரை நடந்தது. அவர் பெயரில் நடந்துவந்த அகில இந்தியப் போட்டி, சில வருஷம் நின்றுபோய், 2023-இல் திரும்ப வந்திருக்கிறது.

1934 நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் மேட்சும் சேப்பாக்கத்தில்தான். மைசூரை மெட்ராஸ் ஒரே நாளில் சுருட்டிவிட்டது. ஏ.ஜி. ராம்சிங்குக்கு 11 விக்கெட்!

பெரிய கணக்கு 1952 பிப்ரவரியில் தீர்ந்தது. வந்தது இங்கிலாந்து. முதல் நாள் ஆட்டத்தன்று அவர்களுடைய ராஜா ஆறாம் ஜார்ஜ் காலமாகிவிட்டார். மறுநாளை ஓய்வு நாளாக்கினார்கள். அப்புறம் வினூ மன்கட் 12 விக்கெட் எடுத்தார், பங்கஜ் ராயும் உம்ரிகரும் சதம் அடித்தார்கள். இன்னிங்ஸும் 8 ரன்னும் வித்தியாசத்தில் ஜெயம். 1932-இலிருந்து டெஸ்ட் ஆடி வந்த இந்தியாவுக்கு முதல் வெற்றி அது. கிடைத்த இடம், இந்தியனை மரத்தடிக்கு அனுப்பிய அதே மைதானம்!

சரி, நம்மாட்கள் கைக்கு வந்த பிறகு விருந்தாளியை எப்படி நடத்தினார்கள்? 1999 ஜனவரி. பாகிஸ்தான். ஜெயிக்க 271 வேண்டும். முதுகுவலியோடு 136 அடித்த டெண்டுல்கர், 17 ரன் பாக்கியிருக்கும்போது அவுட். மீதி மூன்று விக்கெட்டும் மளமளவென்று சாய்ந்து, 12 ரன்னில் தோல்வி. கூட்டம் கொஞ்ச நேரம் அப்படியே உறைந்துவிட்டது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஸ்டேடியமே நின்று கைதட்ட, பாகிஸ்தான்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள்.