வாழைமர நோட்டும் வெள்ளரிக்காய்க் குதிரையும்

எங்கள் வீட்டு மச்சில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது. அதற்குள் 23 பத்து டாலர் நோட்டுகள். 'கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசாங்கம் உறுதி கூறுகிறது' என்று இங்கிலீஷில் அச்சடித்து, பக்கத்தில் ஒரு வாழைமரம் போட்டிருக்கும். 1942-ல் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரர்கள் விட்ட காசு. 1945 ஆகஸ்டில் அவர்கள் சரணடைந்ததும் அடுப்பெரிக்கத்தான் ஆனது. ராமநாதபுரம் பக்கம் 'சபுராளி' இருந்த குடும்பங்களில் தேடினால் இப்படி ஒரு கட்டு எங்கேயாவது கிடைக்கும்.

ஈப்போவில் மளிகைக்கடை வைத்திருந்த என் தாத்தா, சண்டை முடிந்த மறுவருஷம் ஊர் திரும்பும்போது கொண்டுவந்தது அது. அப்போது என் அப்பாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூட லீவில் அந்த நோட்டுகளை வைத்து நாங்கள் கடை விளையாட்டு விளையாடியிருக்கிறோம். ஜப்பான் சாமான் என்றால் எனக்கு வருகிற பைத்தியம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு காரைக்குடிப் பக்கம் போகும்போதெல்லாம் முனீஸ்வரன் கோயில் தெருவில் நுழைந்துவிடுவேன். செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்து விற்ற பழைய சாமான் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. பூப்போட்ட ஜப்பான் ஓடு ஒன்று, அடியில் 'மேட் இன் ஜப்பான்' முத்திரை குத்திய பீங்கான் கிண்ணம் இரண்டு என்று சேர்ந்தது. மகன் வேலை கிடைத்து ஒசாகா போனதும் கேட்கவே வேண்டாம். கை கால் இல்லாத கொகேஷி மரப்பொம்மை (நம் மரப்பாச்சிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி), வேண்டுதலுக்கு ஒரு கண், நிறைவேறினால் மறு கண் வரைகிற தாருமா, கையாட்டும் பூனை எல்லாம் வந்து இறங்கின.

இதையெல்லாம் நவராத்திரிக் கொலுவில் வைக்க ஆசைப்பட்டேன். அப்பா ஒரே வார்த்தைதான் சொன்னார். "கொலுப்படியில ஜப்பான்காரன் ஏறக்கூடாதுத்தா."

காரணம் எனக்குத் தெரியும். தாத்தாவின் தம்பி, அப்பாவுக்குச் சித்தப்பா, பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தார். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி ஜப்பான்காரர்கள் லாரியில் ஏற்றிப் போனார்கள். சயாம் ரயில் பாதைக்கு. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் காடும் மலையும். 1943 அக்டோபரில் பாதை முடிந்தது. காலராவிலும் பட்டினியிலும் மாண்ட ஆசியத் தொழிலாளர்களில் தமிழர்கள் பல்லாயிரம் பேர். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம்மவர்களில் அநேகம் பேருக்கு அது இல்லை. 'குவாய் நதிப் பாலம்' என்று ஆங்கிலத்தில் பெரிய படம் வந்தது. நமக்குப் பக்கத்தில், இலங்கையில் எடுத்த படம்தான். அதில் தோட்டத் தமிழனைத் தேடிப் பாருங்கள்.

சித்தப்பா இறந்த செய்தியே வரவில்லை. செய்தி இல்லாதபோது திதி ஏது? அதனால் ஆடி அமாவாசைக்கு ஆடி அமாவாசை சேதுக்கரையில் எள்ளும் தண்ணியும் இறைப்பது எங்கள் வீட்டு வழக்கம். அன்றைக்கு ராமேஸ்வரத்தில் அக்னி தீர்த்தத்தில் கால் வைக்க இடமிருக்காது. திருப்புல்லாணியைத் தாண்டி ஆஞ்சநேயர் கடலைப் பார்த்து நிற்கிற சேதுக்கரையில் கொஞ்சம் மூச்சு விடலாம். அம்மா போன பிறகு எங்களோடு வந்துவிட்ட அப்பா, முழங்கால் வலியோடும் அதை மட்டும் விட்டதில்லை.

2023 ஆகஸ்டில் மகன் என்னை ஒசாகாவுக்கு அழைத்தான். அந்த வருஷம் ஆடியில் இரண்டு அமாவாசை. இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார்கள், ஆகஸ்ட் 16. நான் ஊரில் இருக்க மாட்டேன் என்று அப்பாவுக்குக் குறைதான். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

அங்கே போனால் அவர்களுக்கும் அதே வாரம் முன்னோர் வாரம்! ஓபோன் என்கிறார்கள். பெரும்பாலான ஊர்களில் ஆகஸ்ட் 13-ல் இறந்தவர்கள் வீட்டுக்கு வருகிறார்கள், 16-ல் திரும்பிப் போகிறார்கள். மகன் குடியிருந்த கட்டடத்தில் கீழ்வீட்டுப் பாட்டி என்னைக் கூப்பிட்டுத் தன் பூஜை மாடத்தைக் காட்டினார். வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சிக் கால், கத்திரிக்காய்க்கு நாலு குச்சிக் கால். வெள்ளரிக்காய் குதிரை, வருகிறவர்கள் சீக்கிரம் வந்து சேரட்டும் என்று. கத்திரிக்காய் மாடு, போகிறவர்கள் மெதுவாகப் போகட்டும் என்று. செல்போன் மொழிபெயர்த்துச் சொன்னதைக் கேட்டு நான் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பாட்டி என் கையில் ஒரு பார்லித் தேநீரைக் கொடுத்தார்.

15-ம் தேதி புயல். ஏழாம் நம்பர் புயல் என்று டி.வி-யில் கத்துகிறார்கள். அப்பா போனில், "ஏழாம் நம்பர் கூண்டா?" என்று பதறிவிட்டார். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு, அது அந்த வருஷத்தின் ஏழாவது புயல் என்று புரியவைக்கவே பத்து நிமிஷம் ஆனது. ரயில் எல்லாம் நின்றுபோய் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தோம். பகல் 12 மணிக்கு டி.வி-யில் பெரிய மண்டபம், சக்கரவர்த்தி, வெள்ளையும் மஞ்சளுமாகப் பூ, ஒரு நிமிஷ மௌனம். யுத்தத்தில் இறந்தவர்களுக்கு அஞ்சலி. நமக்குச் சுதந்திர தினம், அவர்களுக்கு இது. வாழைமர நோட்டு செத்த நாளும் அதுதான். எனக்கு எழுந்து நிற்பதா உட்கார்ந்திருப்பதா என்று தெரியவில்லை. மகன் எழுந்து நின்றான். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மறுநாள் வானம் விட்டது. சாயங்காலம் கியோட்டோ போனோம். காமோ ஆற்றங்கரையில் கூட்டம். சரியாக எட்டு மணிக்கு எதிர்மலையில் 'பெரிய' என்று பொருள்படும் எழுத்து நெருப்பாக எரிந்தது. ஐந்து மலைகளில் இப்படி ஏற்றுகிறார்கள், முன்னோரை வழியனுப்ப. ஒரு மலையில் கப்பல் வடிவமாம். நாங்கள் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. கடற்கரைக்காரியான எனக்கு அது ஒன்றுதான் குறை.

நம் ஊரில் அப்போது மாலை நாலரை. அப்பா சேதுக்கரையிலிருந்து திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருந்தார். வீடியோவில் நெருப்பைக் காட்டினேன். வெள்ளரிக்காய், கத்திரிக்காய்க் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"சித்தப்பாவுக்குக் கத்திரிக்காய் எதுக்குத்தா? அவரு இன்னும் வரவே இல்லையே. வெள்ளரிக்காய்தான் வைக்கணும்" என்றார்.

21-ம் தேதி மறுபடி கியோட்டோ. மாதாமாதம் அந்தத் தேதியில் தோஜி கோயில் வளாகத்தில் பழைய சாமான் சந்தை கூடும். அதற்குத்தானே இத்தனை ஆசையாகப் போனேன்! யாரோ வீட்டுப் பெண் வளர்ந்து போனதால் விலைக்கு வந்த ஹினா ஜோடி ஒன்று கிடைத்தது, ராஜாவும் ராணியும். மார்ச் 3 பெண் குழந்தைகள் பண்டிகைக்குச் சிவப்புத் துணி விரித்து, ஒற்றைப்படையில் படி கட்டி வைக்கிற பொம்மைகள். அச்சு அசல் கொலு. பண்டிகை முடிந்ததும் உடனே எடுத்து வைக்காவிட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகுமாம். மாமியார்கள் எல்லா ஊரிலும் ஒரே பள்ளிக்கூடம்.

அடுத்த கடையில் பழைய காசு, தபால்தலை. பிளாஸ்டிக் உறைக்குள் வாழைமரம்! விரலால் தொட்டுப் பார்த்தேன். "எங்கள் வீட்டில் இது 23 இருக்கிறது" என்று செல்போனில் சொன்னேன். கடைக்காரப் பெரியவர் முகம் மலர்ந்து கேட்டார், "விற்கிறீர்களா?"

ஊர் வந்ததும் இதை அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொன்னேன்.

"என்ன விலை போட்டிருந்தான்?"

"முந்நூறு யென்."

அப்பா சிரித்துவிட்டார். நான் அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிறது. "கேட்டவுடனே தரேன்னு எழுதினவன், எம்பது வருஷம் கழிச்சுத் தரேங்குறான்" என்றார். பிறகு மச்சுக்கு ஆள் ஏற்றிப் பெட்டியை இறக்கச் சொல்லி, நோட்டுகளை எண்ணினார். 23 இருந்தன. திரும்பப் பூட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அந்த அக்டோபரில் கொலு வைத்தபோது ஹினா ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். "கீழ்ப்படியில செட்டியார் பொம்மைகிட்ட வை" என்றார். "காசு வாங்காமக் கடன் குடுத்துறாதீருன்னு செட்டியார்ட்ட சொல்லி வை."