பழைய கேமுக்குப் புது விலை

பழைய கேமைப் புதுப்பித்து ரீமாஸ்டர் என்று சொல்லி விற்கிறார்களே, அவற்றுக்குக் கேட்ட விலையைக் கொடுக்கலாமா? உள்ளே எவ்வளவு உழைப்பு போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுக்க வேண்டும் என்பேன்.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 வந்தது 1999இல். அதன் டெஃபினிட்டிவ் எடிஷனை 2019இல் 20 டாலருக்கு விற்றார்கள். காட்சிகளை 4கே தரத்துக்குக் கொண்டுவந்ததோடு நிற்காமல், புதுப்புது நாகரிகங்களையும் போர்த்தொடர்களையும் சேர்த்துக்கொண்டே வந்தார்கள். 2022இல் தனி விலைக்கு வந்த ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பில் ராஜேந்திர சோழனாகவே படை நடத்தலாம்! பள்ளி நாட்களில் பிரிட்டன் வில்லாளிகளை வைத்தே ஆடித் தீர்த்தவனுக்கு அது எவ்வளவு பெரிய சந்தோஷம். கொடுத்த காசு எனக்கு மலிவாகத்தான் பட்டது.

ஜிடிஏ டிரிலஜி விஷயத்தில்தான் மனம் ஆறவில்லை. அதில் ஒன்றான வைஸ் சிட்டியை நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் ஆடி வளர்ந்தவர்கள் எத்தனை பேர்! 2021 நவம்பரில் மூன்று கேம்களையும் புதுப்பித்து, ஒன்றாகச் சேர்த்து 60 டாலருக்கு விட்டார்கள். மழை பெய்தால் பாதை தெரியவில்லை, முகங்கள் கோணலாகிக் கிடந்தன. வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. அதைவிடக் கொடுமை, பழைய பதிப்புகளை டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுத்துவிட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் கணினிக்காரர்களுக்காவது அவை திரும்பக் கிடைத்தன.

நண்பர்களே, முதல் நாளே வாங்காதீர்கள். ஒரு மாதம் பொறுத்து, ஆடியவர்கள் சொல்வதைக் கேளுங்கள். பழைய சிடி வீட்டில் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.